தாழ்த்திய காரில் அகல டயர்: மட்கார்டில் கை வைப்பதற்கு முன்

காரைக் கொஞ்சம் இறக்கி அகலமான டயரும் போட்டவர்கள் சொல்லும் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான். பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது சர்ரென்று உரசுகிறது. உடனே பட்டறைக்குப் போய், "மட்கார்டைக் கொஞ்சம் தட்டி விடுங்கண்ணா" என்கிறார்கள். கோவையிலும் பொள்ளாச்சியிலும் இதைச் செய்து தரும் டிங்கரிங் பட்டறைகள் உண்டு. எல்லை தாண்டி கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்தும் கேஎல் 70 நம்பர் வண்டிகள் அங்கே வந்து நிற்கும். ஆனால் எது உரசுகிறது, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் மட்கார்டைத் தொடக் கூடாது. தகடு ஒருமுறை மடங்கினால் பழைய மாதிரி நிமிராது. தொட வேண்டிய அவசியமே இல்லாத கார்களும் நிறைய.

முதலில் மட்கார்டின் விளிம்பைத் தெரிந்துகொள்வோம். டயருக்கு மேலே வளைவாக இருக்கும் தகட்டின் ஓரத்தில் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு அங்கே முடிந்துவிடுவதில்லை. உள்பக்கமாக மடிந்து, விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டுக்கு விறைப்பு கொடுக்கத்தான் கம்பெனியில் அப்படி மடிக்கிறார்கள். டயர் மேலே வரும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த நாக்கில்தான். அகல டயருக்காக மட்கார்டில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானது இதை மேல்நோக்கி மடித்து, வெளித்தகட்டோடு ஒட்டப் படிய வைப்பதுதான். பட்டறையில் இதை ரோலிங் என்கிறார்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இல்லை. முன் மட்கார்டு ஒற்றைத் தகடு, போல்ட்டில் மாட்டியிருக்கும். சொதப்பினால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டலாம். பின்பக்கம் அப்படியல்ல. வெளித்தகடும் உள்ளே சக்கரக் கூட்டின் தகடும் அந்த விளிம்பில்தான் சேர்ந்து, புள்ளி வெல்டிங் அடித்து, இடைவெளியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலர் பூசப்பட்டிருக்கும். அது காரின் உடம்போடு ஒன்றாகிவிட்ட பாகம். அங்கே நாக்கை வெட்டி எடுத்தால் வெல்டிங்கே போய்விடும், இரண்டு தகடும் பிரியும், நடுவில் தண்ணீர் இறங்கும். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வரும் ஊர்களில் அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின் விளிம்பை வெட்டாதீர்கள், மடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கட்டும் என்றால் அது இதுதான்.

இனி, ஏன் உரசுகிறது? "காரை இறக்கினதால்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சஸ்பென்ஷனில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே வரலாம் என்று முடிவு செய்வது அதுதான். காரை 30 மில்லிமீட்டர் இறக்கினாலும், அந்தக் கட்டையைத் தொடாமல் விட்டிருந்தால், சக்கரம் மேலே போகக்கூடிய கடைசி இடம் பழைய இடமேதான். இறக்காத காரும் பெரிய பள்ளத்தில் விழுந்தால் அதே இடத்துக்குத்தான் வரும். வித்தியாசம் என்னவென்றால், இறக்கிய கார் அந்தக் கடைசி இடத்துக்குப் பக்கத்திலேயே எப்போதும் நிற்கிறது. சின்ன மேட்டுக்கே போய்த் தொட்டுவிடுகிறது. ஆகவே கம்பெனி டயரும் கம்பெனி வீலும் போட்டு, நல்ல லோயரிங் ஸ்பிரிங்கில் இறக்கிய கார் பொதுவாக உரசாது. உரச வைப்பது டயரின் அகலமும் வீலின் ஆஃப்செட்டும். அல்லது இன்னும் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று யாரோ பம்ப் ஸ்டாப்பை அறுத்திருப்பார்கள். அப்படி அறுத்திருந்தால் மட்கார்டு வேலையைப் பற்றிப் பேசாமல் முதலில் புதுக் கட்டை வாங்கி மாட்டுங்கள். ஸ்பிரிங்கைச் சுற்று கணக்கில் வெட்டி இறக்கிய வண்டிக்கும் இதே பதில்தான். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்போதோ பெரிய குழியிலோ இடம் மாறிவிடும்.

இப்போது எண்களுக்கு வருவோம். டயரில் 185/65 ஆர்15 என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 381 மில்லிமீட்டர். அந்த 381-உடன் இரண்டு பக்கச்சுவரையும் கூட்டினால் மொத்த விட்டம் 621 சொச்சம். இதே காருக்கு 195/55 ஆர்16 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 621தான். அகலம் மட்டும் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூடும். 205/55 ஆர்16 போட்டால் விட்டம் 632 ஆகிவிடும். டயரின் உச்சி 5 மில்லிமீட்டர் மேலே போகும், ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். விட்டத்தைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டுவதுதான் நல்ல தேர்வு. டயர் பக்கத்தில் 88 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் எடையின் குறியீடு. 88 என்றால் 560 கிலோ. அகலம் கூட்டும்போது இந்த எண் கம்பெனி டயரைவிடக் கீழே போகக் கூடாது.

ஆஃப்செட் என்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும் விஷயம். வீலில் ஈடி என்று எழுதி ஒரு எண் இருக்கும். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீல், ஹப்பில் (காரில் வீலை முடுக்கும் நடுப்பாகம்) போய் உட்காரும் தளம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய செட் 185 டயர், ஈடி45. புதியது 205 டயர், ஈடி35 என்று வைப்போம். ஆஃப்செட் குறைந்ததால் வீலின் மையம் 10 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. டயர் 20 மில்லிமீட்டர் அகலமானதில் பாதி, அதாவது 10, வெளிப்பக்கம் சேருகிறது. ஆக டயரின் வெளித்தோள் 20 மில்லிமீட்டர் மட்கார்டை நோக்கி நகர்ந்துவிட்டது. உள்பக்கத்தில் 10 கூடி 10 குறைவதால் அங்கே மாற்றமே இல்லை. அதே 205 டயரை ஈடி42 வீலில் போட்டிருந்தால் வெளியே 13, உள்ளே 7 என்று பங்கு பிரிந்திருக்கும். இந்த 7 மில்லிமீட்டர் வித்தியாசத்தில், ரோலிங் தேவையா இல்லையா என்பதே பல கார்களில் முடிவாகிவிடும். வீல் வாங்கும் கடையில் ஈடி எண் கேட்காமல் டிசைனை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு பட்டறையில் தகட்டைக் குறை சொல்வது எனக்கு எப்போதுமே வருத்தமான காட்சி. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்கிற வட்டத் தகடு போடுவதும் இதே கணக்குத்தான்: 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் ஈடி எண்ணில் 5 குறைந்ததற்குச் சமம்.

டயர் அதில் எழுதியிருக்கும் எண் மாதிரி சரியாகவும் இருக்காது. ஒரு பிராண்டின் 205 இன்னொன்றின் 205-ஐவிடச் சில மில்லிமீட்டர் தடித்திருக்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயர் சுமார் 5 மில்லிமீட்டர் விரியும். எனவே கணக்குப் போட்டது திசை தெரிய. கடைசி முடிவு கையால் அளந்த பிறகே.

உள்பக்கம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஹாட்ச்பேக்குகளில் முன்னால் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே கால். அதில் ஹப்பும் ஸ்ட்ரட்டும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டவை. சக்கரம் ஏறினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். அதனால் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேட்டிலும் பள்ளத்திலும் மாறாது. நின்ற இடத்தில் 6 மில்லிமீட்டர் இருந்தால் ஓடும்போதும் ஏறக்குறைய அதுதான். வெளியே மட்கார்டோடு இருக்கும் இடைவெளி அப்படியல்ல, ஒவ்வொரு குழிக்கும் மாறும். ஆகவே உள்ளே மிச்சம் இருக்கும் இடத்தை முதலில் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேம்பர் இன்னொரு வழி. சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்நோக்கிச் சாய்ப்பது. நம் டயர் அளவுக்கு ஒரு டிகிரி சாய்த்தால் உச்சி சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே போகும். முன்னால் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வரை சாய்ப்பது நியாயம். அதற்கு மேல் போனால் டயர் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்து கம்பி தெரியும். பின்னால் பல கார்களில் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விட்டம்) என்பதால் சாதாரண அலைன்மென்ட்டில் கேம்பரை மாற்றவே முடியாது. அதனால்தான் பின் மட்கார்டில் ரோலிங் தேவை அதிகமாக வருகிறது.

அளப்பது எப்படி? சரியான முறை, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக் அப்சார்பரையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் மாட்டி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை தூக்குவது. முன்சக்கரமானால் அதே நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடிக்க வேண்டும். எங்கே தொடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

அவ்வளவு கழற்ற முடியாதவர்கள் வேறு மாதிரி செய்யலாம். விளிம்பின் உள்நாக்கைத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் காய விடுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, பொள்ளாச்சி சாலையில் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட) வாய்க்கால் பாலங்களில் ஏறி இறங்குவது போல ஒரு மேடு பார்த்து மெதுவாக, கொஞ்சம் குறுக்காக ஏற்றி இறக்குங்கள். பிறகு இறங்கிப் பாருங்கள். வெள்ளை எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் இடம். இப்படிப் பார்த்த ஒரு ஸ்விஃப்டில் வலது பின் மட்கார்டின் உச்சியில் எதுவும் படவில்லை. பின் பம்பர் வந்து சேரும் மூலையில், ஒரு ஸ்க்ரூவின் தலை இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை வழித்தெடுத்தது போலப் போயிருந்தது. டயரின் தோளைச் சுற்றிலும் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. உரசியது மட்கார்டே அல்ல, அந்த ஸ்க்ரூதான். அதை எடுத்துவிட்டுப் பம்பர் காதை ஒரு சென்டிமீட்டர் மேலே தள்ளிப் பிடித்ததும் சத்தம் நின்றது. முன்னாலும் இப்படித்தான்: சத்தம் போடுவது பல நேரம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர். ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அமுக்கினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நாக்கில்தான் வெட்டுப்படுகிறது என்றால், ரோலிங். சக்கரத்தைக் கழற்றி, அதே ஹப்பில் ஒரு கருவியை மாட்டுவார்கள். ஒரு நீளமான கை, அதன் முனையில் கெட்டியான ரப்பர் உருளை. கையின் நீளத்தையும் உருளையின் சாய்வையும் மாற்றிக்கொள்ளலாம். ஹப்பை மையமாக வைத்தே உருளை சுற்றுவதால் மடிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக வரும். கருவி இல்லாத சில இடங்களில் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே இரும்புக் குழாயைச் செருகி, காரை முன்னும் பின்னும் தள்ளி மடிக்கிறார்கள். மடியும், ஆனால் அலை அலையாக. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வளைவு கோணலாகத் தெரியும். வேண்டாம்.

உருளை தொடுவதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். நாக்கின் உள்பக்கம் வருஷக்கணக்கில் படிந்த சேறும் மணலும் கல் போல இறுகியிருக்கும். அதைச் சுரண்டி, கழுவி, உலர்த்த வேண்டும். ஒரு சிறு கல் உள்ளே மாட்டிக்கொண்டு மடிந்தால் வெளியே ஒரு கொப்புளம் எழும்பும். லைனர் ஸ்க்ரூக்கள், பம்பர் காதுகள் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். அப்புறம் ஒரு காந்தம். வளைவு நெடுகிலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே தகட்டின் மேல் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்களில் பின் மட்கார்டில் இது சகஜம். பட்டி மடியாது, உடையும். அப்படிப்பட்ட காரை ரோல் செய்வதென்றால் பெயின்ட் செலவையும் சேர்த்தே யோசியுங்கள்.

பிறகு சூடு. குளிர்ந்த பெயின்ட் மடிக்கும்போது சிலந்தி வலை போல வெடிக்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிக்காமல் அசைத்துக்கொண்டே, கை வைத்தால் வைத்திருக்க முடியாத சூடு வரை, ஏறத்தாழ 60 டிகிரி, கொண்டுவர வேண்டும். அதிகமானால் பெயின்ட் மென்மையாகிக் குமிழி விடும். முதல் சுற்றில் நாக்கைக் கொஞ்சம் மட்டும் திருப்புவார்கள். மீண்டும் சூடு, மீண்டும் ஒரு சுற்று. இப்படிப் பல சுற்றில் 45 டிகிரிக்கு வந்து, அதற்குப் பிறகே முழுதாக மடிப்பார்கள். முழு வளைவையும் மடிக்க வேண்டியதில்லை. கடிகார முகத்தில் 10-லிருந்து 2 வரை உள்ள மேல்பகுதி போதும். பொள்ளாச்சியில் ஒரு மேஸ்திரி, ரோலிங் செய்ய வண்டி கொண்டுவந்த பையனிடம் சொன்னதைக் கேட்டேன்: "தம்பி, அவசரம்னா இன்னிக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிரு. இது நிதானமா பண்ற வேலை." அவர் மூன்றாவது சுற்றில்தான் உருளைக்கு அழுத்தமே கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் புறங்கையைத் தகட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார்.

ரோலிங்கால் கிடைப்பது நாக்கின் அகலம் அளவுக்கான இடம்தான், அதாவது ஒரு சென்டிமீட்டர் பக்கம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மட்கார்டையே வெளியே இழுக்க வேண்டும். அதே கருவியில் உருளையை வெளிப்பக்கம் அழுத்தித் தகட்டை விரிப்பார்கள். இங்கே தகடு நீள்கிறது, பெயின்ட் பெரும்பாலும் தாங்காது. பின்கதவின் கீழ்மூலை வளைவுக்குள் வரும் கார்களில், மட்கார்டு வெளியே போய்விடும், கதவு பழைய இடத்திலேயே நிற்கும். சந்தில் ஒரு படி தெரியும். பம்பர் சேரும் இடத்திலும் அப்படியே. முன் மட்கார்டில் இழுப்பதற்கு முன் போல்ட்டுகளைத் தளர்த்தி வாஷர் கொடுத்து மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நகர்த்திப் பார்க்கலாம். பல நேரம் அதுவே போதும்.

மட்கார்டை வெட்டி, அதன் மேல் ஃபிளேர் என்கிற அகலமான தனி வளைவை வைப்பது அடுத்த கட்டம். 1980-களின் பிஎம்டபிள்யூ எம்3 பெட்டி போன்ற அகல மட்கார்டோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. ஜப்பானின் அகிரா நகாய் போர்ஷே கார்களின் மட்கார்டை வெட்டி அகலமான ஃபிளேர்களைப் பொருத்துவதற்காகவே உலகப் புகழ் பெற்றவர். பார்க்க அழகு. ஆனால் அது ஆரம்பக்காரர் செய்யும் வேலையும் அல்ல, தினசரி ஓட்டும் காருக்கான வேலையும் அல்ல.

அதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி புத்தக விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. மட்கார்டை விரித்தால் காரின் அகலமே மாறுகிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் கல் தெறிக்கும். சோதனையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். டிஎன் 41 வண்டியானாலும் வாளையாரையோ கோபாலபுரத்தையோ தாண்டினால் கேரள எம்விடி (மோட்டார் வாகனத் துறை) நிறுத்திப் பார்க்கும், கண்டிப்பாகவும் இருப்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கிளெய்மில் தகராறு வரும். என் கருத்து இது: டயர் முழுதும் மட்கார்டுக்கு உள்ளேயே நிற்கும்படி வீலைத் தேர்ந்தெடுங்கள், விட்டத்தை மாற்றாதீர்கள், தேவைப்பட்டால் நாக்கை மட்டும் மடியுங்கள், அதையும் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு.

அகல டயர் மழையில் பிடிப்பைக் கூட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈரத் தாரில் ஓரளவு சரி. ஆனால் ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றால் அகல டயர்தான் சீக்கிரம் மிதக்கும். ஜூன், ஜூலையில் நெடுஞ்சாலையில் போகும்போது வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

ரோலிங் முடிந்த அன்றே மடிப்பின் இடுக்கில் சீலர் பூசி, காய்ந்த பின் அதன் மேல் அண்டர்பாடி கோட்டிங் அடித்துவிட வேண்டும். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், துரு அங்கேதான் பிடிக்கும். அலைன்மென்ட்டை மறுபடி பார்த்து, வீல் நட்டுகளை ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முடுக்கிப் பாருங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, அந்த மடிப்பை விரலால் தடவுங்கள். பழுப்பு நிறத்தில் பொடி வந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி சீலர் வையுங்கள்.